அவசரப் பிரிவு டிராலியா, ரிக்கவரி டிராலியா? மெத்தைக்குக் கீழே பார்த்து வாங்குங்கள்

கேள்வி இது: சிங்கப்பூரில் இரண்டு எண்டோஸ்கோபி (குழாய்க் கேமராவால் உடலுக்குள் பார்க்கும் சோதனை) அறைகள் உள்ள ஒரு பகல்நேரச் சிகிச்சை நிலையத்துக்கு நோயாளி டிராலிகள், அதாவது சக்கரம் வைத்த தள்ளுபடுக்கைகள், வாங்க வேண்டும். விற்பனையாளர் ‘எமர்ஜென்சி டிராலி’ என்று ஒன்றையும் ‘ரிக்கவரி டிராலி’ என்று ஒன்றையும் காட்டுகிறார். முன்னது விலை அதிகம். மொத்தம் ஆறு வாங்கினால் போதும் என்கிறார். எதை வாங்குவது, எத்தனை வாங்குவது, வந்து இறங்கியதும் எதைச் சோதிப்பது?

முதலில் பதில், காரணம் பிறகு. ரிக்கவரி வகையை வாங்குங்கள். தலைமாட்டைச் சட்டென்று தாழ்த்தும் வசதி, ஐந்தாவது சக்கரம், தடித்த மெத்தை இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எக்ஸ்ரே தட்டு, தள்ளுவதற்கு உதவும் மோட்டார், எடை காட்டும் கருவி இவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆறு போதாது, எட்டு வேண்டும்.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. இங்குள்ள மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் நோயாளிகளை பி1 முதல் பி4 வரை தரம் பிரிக்கிறார்கள். பி1 உயிருக்கு ஆபத்தானவர், நேரே மீட்புச் சிகிச்சை அறைக்குப் போவார். பி2 நிலைமை மோசம், நடக்க முடியாதவர். பி3 நடக்கக்கூடியவர். பி4 அவசரமே இல்லாதவர். இதில் பி2 என்று முத்திரை விழுந்தாலே அவருக்கு ஒரு டிராலி என்று பொருள். பரிசோதனை, ரத்தம் எடுப்பது, எக்ஸ்ரே, வார்டில் கட்டில் கிடைக்கும்வரை காத்திருப்பது எல்லாம் அதன் மேலேயே நடக்கும். அதனால் அவசரப் பிரிவு டிராலியில் எக்ஸ்ரே ஊடுருவும் மேல்தளம், ஃபிலிம் தட்டைச் செருகும் தண்டவாளம், மானிட்டர் வைக்கும் தட்டு, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும்போது அசையாத உறுதி எல்லாம் எதிர்பார்ப்பார்கள். ரிக்கவரி டிராலியின் கவலை வேறு. மயக்கம் தெளியாதவர் வாந்தி எடுப்பார், புரண்டு விழுவார், ரத்த அழுத்தம் இறங்கும். இந்த மூன்றையும் சமாளிப்பதுதான் அதன் வேலை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒரே அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு மேலே வருவதை மட்டும் மாற்றி இரண்டு பெயரில் விற்கிறார்கள். அதனால் பட்டியலில் உள்ள பெயரை விட்டுவிட்டு, பாகம் பாகமாகக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இழுப்பறைகளில் மருந்து, சுவாசக் குழாய், மேலே இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் என்று நிற்குமே, அதையும் சிலர் ‘எமர்ஜென்சி டிராலி’ என்றே சொல்வார்கள். விலைப்பட்டியல் கேட்கும்போது ‘நோயாளி படுக்கும் டிராலி’ என்று தெளிவாக எழுதுங்கள். இல்லையென்றால் இழுப்பறை வண்டிக்கு விலை வந்து சேரும்.

எத்தனை வேண்டும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. நோயாளி உடை மாற்றிப் படுத்ததிலிருந்து எண்ணுங்கள். கையில் ஊசி ஏற்றித் தயார் செய்ய 20 நிமிடம், அறைக்குள் 40, மயக்கம் தெளிய 60, அவர் எழுந்து போனபின் துடைத்து உலரவிட்டு விரிப்பு மாற்ற 20. ஒரு நோயாளிக்கு ஒரு டிராலி 140 நிமிடம் போய்விடுகிறது. அறைக்கோ 40 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். 140-ஐ 40-ஆல் வகுத்தால் 3.5. இரண்டு அறைக்கு ஏழு, பழுதுபார்க்கப் போவதற்கு ஈடாக ஒன்று, ஆக எட்டு. ஆறை வைத்துக்கொண்டு ஓட்டினால் ஒவ்வொரு நோயாளிக்கும் அறை ஏறக்குறைய ஏழு நிமிடம் சும்மா நிற்கும். நடைமுறையில் அறையை யாரும் சும்மா நிற்கவிட மாட்டார்கள். சுத்தம் செய்யும் 20 நிமிடத்தைத்தான் கடிப்பார்கள், கிருமிநாசினி உலருமுன் அடுத்தவர் ஏறிப் படுப்பார். உங்கள் நிலையத்தின் நேரங்கள் வேறாக இருந்தால் அந்த எண்களைப் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள்.

இனி வண்டியைப் பார்ப்போம். மேலிருந்து அல்ல, தரையிலிருந்து.

நோயாளி இல்லாமலே ஒரு நல்ல டிராலி நூறு கிலோவுக்கு மேல் வரும். அதன் மேல் எண்பது கிலோ ஆள், சிலிண்டர், பம்ப். இதையெல்லாம் நாள் முழுக்கத் தள்ளுபவரின் முதுகைக் காப்பது காஸ்டரின், அதாவது திரும்பும் சக்கரத்தின், விட்டம்தான். 200 மி.மீ. காஸ்டர் கேளுங்கள். 150 மி.மீ. மலிவு, பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மின்தூக்கி வாசலின் இடுக்கில் சின்ன சக்கரம் இறங்கி நிற்கும், நோயாளியின் தலை குலுங்கும், தள்ளுபவர் இடுப்பைக் கொடுத்து முட்ட வேண்டியிருக்கும்.

நான்கு சக்கரமும் எல்லாப் பக்கமும் திரும்பக்கூடியதாக இருந்தால் வண்டி நேராகப் போகாது. திருப்பத்தில் கால்மாடு ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்குத்தான் நடுவயிற்றில் ஐந்தாவது சக்கரம். பெடலை மிதித்தால் அது தரையைத் தொட்டு ஒரு அச்சாக நிற்கும், வண்டி அதைச் சுற்றித் திரும்பும். ஐந்தாவது சக்கரம் இருந்தால் நீண்ட நடைபாதையில் ஒரு ஆளே தள்ளலாம். இல்லாவிட்டால் இரண்டு ஆள் வேண்டும். பக்கவாட்டில் நகர்த்திச் சுவரோரம் நிறுத்தும்போது அந்தச் சக்கரத்தைத் தூக்கிவிட வேண்டும். தூக்காமல் இடித்துத் தள்ளுவதால்தான் அதன் ஸ்பிரிங் சீக்கிரம் போகிறது. மோட்டார் வைத்த ஐந்தாவது சக்கரமும் கிடைக்கிறது. கட்டடத்துக்குக் கட்டடம் இணைப்புப் பாலமும் ஏற்ற இறக்கமும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அது நியாயமான செலவு. முப்பது மீட்டர் நடைபாதை உள்ள நிலையத்துக்கு அது இன்னொரு பேட்டரி, இன்னொரு பராமரிப்பு ஒப்பந்தம், அவ்வளவுதான்.

பிரேக், ஒரு பெடலை மிதித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்டுவதாக இருக்க வேண்டும். பெடல் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருக்க வேண்டும். எண்டோஸ்கோபி அறை நெரிசலானது. பெடலைத் தேடி யாரும் சுற்றி வர மாட்டார்கள். பூட்டும்போது சக்கரம் உருள்வது மட்டும் நின்றால் போதாது, காஸ்டர் திரும்புவதும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி விளிம்பில் உட்காரும்போது வண்டி ஒரு கையளவு நகர்ந்து கொடுக்கும். விழுவதற்கு அந்த ஒரு கையளவு போதும்.

அடுத்தது ஹைட்ராலிக் தூண்கள். தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். உயரம் ஏறக்குறைய 55 முதல் 90 செ.மீ. வரை போவது வழக்கம். விற்பவர்கள் மேல் எல்லையைப் பெருமையாகச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது கீழ் எல்லை, அதுவும் மெத்தையோடு சேர்த்து அளந்த உயரம். மயக்கம் அரைகுறையாகத் தெளிந்த ஒரு குள்ளமான பாட்டி கால் ஊன்றி இறங்க வேண்டும். 55 செ.மீ. தளத்தின் மேல் 12 செ.மீ. மெத்தை போட்டால் 67 செ.மீ., அவர் கால் தரையில் படாது. அந்த உயரத்திலிருந்து குதித்துத்தான் இறங்குவார்.

இரண்டு தூணும் தனித்தனியாக இறங்குவதால்தான் சாய்வு கிடைக்கிறது. தலைமாட்டுத் தூண் மட்டும் இறங்கினால் தலை தாழும், இதை டிரெண்டலென்பர்க் நிலை என்பார்கள். 12 பாகைக்குக் குறையாமல் கேளுங்கள். நோயாளி வாந்தி எடுக்கும்போது பக்கவாட்டில் திருப்பி, தலையைத் தாழ்த்தி, உறிஞ்சுகுழாயைப் போட வேண்டும். வாய்க்குள் இருப்பது நுரையீரலுக்குப் போகாமல் வெளியே வழிய வேண்டும். இதற்குச் சில நொடிகள்தான் இருக்கும். ஆகவே தலைமாட்டில் நிற்கும் தாதி, நோயாளியின் தாடையிலிருந்து கையை எடுக்காமல், காலாலேயே சாய்க்க முடிய வேண்டும். சாய்வுப் பெடல் கால்மாட்டில் மட்டும் இருக்கும் வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ரிக்கவரிக்கு வாங்காதீர்கள். மின்சாரத்தால் இயங்குவதாக இருந்தால், பேட்டரி செத்தாலும் கையால் இறக்கும் நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாய்வை எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதையும் ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கியதும் தலையைத் தாழ்த்துவது பழக்கமாகிவிட்டது. அது ரத்த அழுத்தத்தைக் கொஞ்ச நேரத்துக்கே தாங்கும், மூச்சுக்கும் சிரமம் கொடுக்கும். கால்களை மட்டும் உயர்த்துவது பெரும்பாலும் மேல். முதுகுத்தண்டில் ஊசி போட்டவர் என்றால், முதல் கால் மணி நேரத்தில் தலையைத் தாழ்த்தினால் மருந்து மேலே ஏறி மரத்துப்போதலும் மேலே வரும். அங்கும் கால்களை மட்டுமே உயர்த்த வேண்டும். இதற்கு நேர்மாறான சாய்வு, அதாவது முழு உடம்பும் நேராக இருக்க, தலைப்பக்கம் உயர்வது, அவசரப் பிரிவில் மிகவும் தேவைப்படும். தலையில் அடி, கழுத்தெலும்பிலும் சந்தேகம் என்றால் முதுகுப் பலகையை மடக்கித் தூக்க முடியாது. முழுத் தளத்தையும் சாய்த்துத்தான் தலையை உயர்த்த வேண்டும்.

முதுகுப் பலகையைத் தாங்குவது ஒரு ஜோடி கேஸ் ஸ்பிரிங், அதாவது வாயு அடைத்த தாங்குதண்டு. கைப்பிடியை அழுத்தினால் பலகை நோயாளியின் எடையோடு லேசாக எழ வேண்டும். நன்றாக இருக்கும்போது ஒரு கையால் தூக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்தால் முழு எடையும் தாதியின் தோளில் விழும். சில சமயம் பிடியை விட்டதும் பலகை சரேலென்று விழும். இதயம் நின்றுபோனால் பலகையை நொடியில் படுக்கவைக்க ஒரு விடுவிப்பு நெம்புகோல் இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழ் மடிக்கும் வசதியும் கேளுங்கள். அது சொகுசுக்கு அல்ல. முதுகை மட்டும் உயர்த்தினால் உடம்பு சறுக்கிக் கீழே இறங்கும், இடுப்பெலும்புக்கு மேலுள்ள தோல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே உள்ள சதை இழுபடும். படுக்கைப் புண்ணுக்கு அதுவே தொடக்கம். முழங்காலை முதலில் மடக்கிவிட்டுப் பிறகு முதுகை உயர்த்தினால் சறுக்கல் நிற்கும்.

மெத்தையும் பக்கத் தடுப்பும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு நடப்பது பெரும்பாலும் இவை இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான். மலிவான வண்டியோடு வருவது ஆறேழு செ.மீ. நுரை மெத்தை. அரை மணி நேரப் பயணத்துக்கு அது போதும். அவசரப் பிரிவில் வார்டுக் கட்டிலுக்குக் காத்திருப்பவர் அதன் மேல் பல மணி நேரம் கிடப்பார். சுகாதார அமைச்சு ஒவ்வொரு பொது மருத்துவமனையிலும் வார்டுக்குப் போகக் காத்திருக்கும் நேரத்தை வெளியிடுகிறது. கூட்டம் மிகுந்த நாட்களின் எண்ணைப் பார்த்தால் மெத்தையின் அருமை புரியும். 10 முதல் 13 செ.மீ. வரை, மேலடுக்கு உடல் சூட்டுக்கு இளகும் நுரையாக உள்ளதை வாங்குங்கள். சோதனை சுலபம்: இடுப்பு வரும் இடத்தில் கைமுஷ்டியை ஊன்றி உடம்பின் எடையைக் கொடுங்கள். அடித்தளம் கையில் இடித்தால் அந்த மெத்தை செத்துவிட்டது.

ஆனால் பழைய வண்டியில் தடித்த மெத்தையை மட்டும் மாற்றிப் போட்டால் இன்னொரு ஆபத்து வரும். பக்கத் தடுப்பின் உயரம் வண்டியோடு நிலையானது. மெத்தை ஐந்து செ.மீ. ஏறினால் தடுப்பு ஐந்து செ.மீ. குறைந்ததற்குச் சமம். மருத்துவமனைக் கட்டில்களுக்கான சர்வதேச விதியில், அமுங்காத மெத்தைக்கு மேல் தடுப்பு 220 மி.மீ.யாவது நிற்க வேண்டும், தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 120 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. 120-க்குக் காரணம் தலை. அதைவிட அகலமான இடுக்கில் மெலிந்த முதியவரின் தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும். அந்த விதி போக்குவரத்து டிராலிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. இருந்தாலும் நோயாளி மணிக்கணக்கில் படுக்கும் வண்டிக்கு அதே அளவைக் கேட்பதில் தவறே இல்லை. அளவுநாடாவை எடுத்துப் போய் நீங்களே அளந்து பாருங்கள்.

தடுப்பை இறக்கினால் அது மெத்தை மட்டத்துக்குக் கீழே முழுவதும் மடங்க வேண்டும். குடல் அகநோக்குச் சோதனையில் நோயாளி இடப்பக்கம் சாய்ந்து, வண்டியின் விளிம்புக்கு வந்து படுப்பார். மருத்துவர் ஒட்டி நிற்பார். பாதி மடங்கிய தடுப்பு அவர் தொடையில் இடிக்கும், அவர் தள்ளி நிற்பார், முதுகு வளையும். இன்னொரு பக்கம், குழம்பிய நிலையில் உள்ள முதியவரை அடக்கிவைக்கும் வேலியாகத் தடுப்பை எண்ணக் கூடாது. எழ வேண்டும் என்று நினைப்பவர் அதன் மேல் ஏறித்தான் இறங்குவார். அப்போது விழும் உயரம் தடுப்பின் உயரமும் சேர்ந்ததாகிவிடும். அப்படிப்பட்டவருக்கு வண்டியைக் கடைசிவரை தாழ்த்தி வைப்பதும், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதும்தான் பாதுகாப்பு.

எடை வரம்பு பற்றி ஒரு வரி. வண்டியில் ஒட்டியிருக்கும் ‘பாதுகாப்பான பளு’ 250 கிலோ என்றால் 250 கிலோ ஆளை ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் மெத்தை, சிலிண்டர், மானிட்டர், பம்ப் எல்லாம் அதற்குள்தான் அடங்கும். கையேட்டில் நோயாளியின் எடை என்று தனியாக உள்ள எண்ணைப் பாருங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியின் வயிற்றில், படுக்கைவசமாக, பட்டை போட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும். நோயாளியின் கால்களுக்கு நடுவே சிலிண்டரை வைத்துத் தள்ளும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். உருண்டு விழுந்து வால்வு முறிந்தால் அது ஏவுகணை. எவ்வளவு நேரம் வரும் என்பதற்கு ஒரு கணக்கு: சிலிண்டரின் நீர்க்கொள்ளளவை லிட்டரில் எடுத்து, மானியில் காட்டும் அழுத்தத்தை பார் என்ற அலகில் எடுத்து, இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாயுவின் லிட்டர். 2 லிட்டர் சிலிண்டர், மானியில் 130 பார் என்றால் 260 லிட்டர். கடைசி 30 பாரைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பில் வையுங்கள், மிச்சம் 200 லிட்டர். முகமூடியில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 20 நிமிடம், 15 லிட்டர் என்றால் 13 நிமிடம். மின்தூக்கிக்குக் காத்திருந்தாலே அதில் பாதி போய்விடும். மானி பி.எஸ்.ஐ.யில் இருந்தால் 14.5-ஆல் வகுத்தால் பார் வரும்.

எம்ஆர்ஐ உங்கள் நிலையத்தில் இல்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டலாம். சாதாரண டிராலியும் இரும்புச் சிலிண்டரும் காந்த அறையின் வாசலைத் தாண்டக் கூடாது. 2001-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் காந்தம் இழுத்த ஆக்சிஜன் சிலிண்டர் தாக்கி, இயந்திரத்துக்குள் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். பச்சைச் சதுரக் குறி உள்ளவை மட்டுமே எந்தக் காந்த அறைக்கும் போகலாம். மஞ்சள் முக்கோணம் நிபந்தனையோடு. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் கூடவே கூடாது.

எக்ஸ்ரே தட்டு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், பித்தக்குழாய் வரை போகும் சிகிச்சையைச் செய்யாத நிலையத்தில் டிராலி மேல் படம் எடுக்க வேலையே வராது. அவசரப் பிரிவுக்கு வாங்குபவர் மட்டும், ஊடுருவும் தளம் முதுகுக்குக் கீழே மட்டுமா, இடுப்பு வரைக்குமா என்று குனிந்து பார்க்கட்டும். பல வண்டிகளில் இடுப்பு மடியும் இடத்தில் ஒரு இரும்புக் குறுக்குச்சட்டம் ஓடும். இடுப்பெலும்பு முறிந்து வருபவரின் படத்தில் சரியாக அது குறுக்கே விழும்.

நோயாளியை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில்தான் விழுதலும் ஊழியரின் முதுகுவலியும் அதிகம். உங்கள் நிலையத்தில் தயாரிப்பிலிருந்து தெளிவுவரை ஒரே டிராலி என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆளுக்கொரு டிராலி என்ற கணக்கின் பெரிய லாபமே அதுதான். ஆனால் யாருக்காவது நிலைமை மோசமாகி 995-ஐக் கூப்பிட்டால், குடிமைத் தற்காப்புப் படையின் தள்ளுபடுக்கைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பழகி வையுங்கள். இரண்டையும் ஒட்டி நிறுத்தி இரண்டின் பிரேக்கையும் பூட்டுங்கள். போய்ச் சேரும் படுக்கை ஒன்றிரண்டு செ.மீ. தாழ்வாக இருக்கட்டும். நோயாளியைச் சற்றுப் பக்கம் திருப்பி வழுக்குப் பலகையைப் பாதி முதுகுக்கு அடியிலும் பாதி இடைவெளியின் மேலும் வையுங்கள். குறைந்தது நான்கு பேர், தலைக்கு நிற்பவர்தான் எண்ண வேண்டும். அதற்கு முன் ஐவி குழாய், ஆக்சிஜன் குழாய், சிறுநீர்ப் பை எல்லாம் எந்தப் பக்கம் போகின்றன என்று ஒருவர் கண்ணால் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பை நோயாளியின் மேல் ஏறக் கூடாது, சிறுநீர் திரும்பி ஓடும்.

அதோடு ஒரு அளவையும் எடுத்துவிடுங்கள். நொவீனா, ஆர்ச்சர்ட் பக்கக் கட்டடங்களில் வாடகைக்கு எடுத்த தளம் என்றால், மின்தூக்கிக்குள் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டி நுழையுமா? எந்த மின்தூக்கி பெரியது, அது இரவிலும் ஓடுமா, அதன் சாவி யாரிடம்? பழைய வீவக வீடுகளின் சிறிய மின்தூக்கியில் படுக்கவைத்து இறக்க முடியாமல் நாற்காலியில் உட்கார வைத்து இறக்குவார்கள். மயக்கத்தில் இருப்பவரை அப்படி உட்கார வைப்பது வேண்டாத வேலை. நோயாளியை மின்தூக்கிக்குள் தலைமாடு முதலாகக் கொண்டுபோய், கால்மாடு முதலாக வெளியே எடுங்கள். சரிவில் ஏறும்போது தலைமாடு முன்னே, இறங்கும்போது கால்மாடு முன்னே.

நெஞ்சை அழுத்த வேண்டி வந்தால் வண்டியைப் பூட்டி, பலகையைப் படுக்கவைத்து, அழுத்துபவரின் கை நேராக நிற்கும் அளவுக்குத் தாழ்த்த வேண்டும். சிங்கப்பூரில் கற்றுக்கொடுக்கும் ஆழம் 4 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. மென்மையான மெத்தை அழுத்தத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கும், அதனால் கையில் உணரும் ஆழத்தை நம்பி நிறுத்திவிடக் கூடாது. ஓடும் வண்டியில் ஏறி நின்று அழுத்துவது நாடகத்துக்குத்தான் பொருந்தும்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம்: மேலிருந்து கீழ், சுத்தமானதிலிருந்து அழுக்கானதற்கு. முதலில் சோப்பு நீரால் அல்லது அதற்கான துடைப்பானால் அழுக்கை எடுக்க வேண்டும், அதன் பிறகே கிருமிநாசினி. அழுக்கின் மேல் குளோரின் ஊற்றினால் அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். சாதாரணத் துடைப்புக்கு 1,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஹைப்போகுளோரைட், ரத்தம் சிந்திய இடத்துக்கு 10,000. குறித்த நேரம் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும், பிறகு வெறும் நீரால் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் மெத்தை உறையின் பாலியூரித்தேன் வெளிறி விரியும், இந்த ஊர்ப் புழுக்கத்தில் பற்றவைப்புகளில் துருவும் பிடிக்கும். எல்லோரும் மெத்தையைத் துடைப்பார்கள். கை உண்மையில் படும் இடங்கள் வேறு: தடுப்பின் அடிப்பக்கம், அதை விடுவிக்கும் பொத்தான், தள்ளும் கைப்பிடி, ஐவி கம்பத்தின் கழுத்து. துணிப் பட்டைகளை வாங்கவே வாங்காதீர்கள், அவற்றைச் சுத்தம் செய்ய வழியில்லை. மாதம் ஒருமுறை உறையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். கறை தெரிந்தால் உறை ஓட்டை, நுரை ஊறியிருக்கிறது. இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான், உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பழுதுகள் அநேகமாக ஒரே பட்டியலாகத்தான் வரும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் காஸ்டர் அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும். சின்னக் கத்தரிக்கோலால் எடுத்துவிடலாம், பொறியாளரைக் கூப்பிட வேண்டாம். உருளும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் பிரேக் போட்டபடியே இழுத்துச் சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். உயர்த்திய தளம் தானாக இறங்கினால் ஹைட்ராலிக் வால்வு உள்ளே கசிகிறது. தரையில் எண்ணெய் தெரிந்தால் வெளியே கசிகிறது, ஈரத் தரையைவிட அது வழுக்கும். பெடலை நிறைய முறை மிதித்தும் ஏறாவிட்டால் எண்ணெய் குறைவு அல்லது உள்ளே காற்று. மின்வண்டியில் பேட்டரி சீக்கிரம் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நிறுத்திய இடத்தில் யாரும் பிளக்கைச் செருகுவதில்லை.

வண்டிகள் வந்து இறங்கும் நாளில் கையெழுத்துப் போடுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நூறு கிலோ எடையை, மணல்மூட்டையானாலும் தண்ணீர்க் கேன்களானாலும் சரி, மெத்தையில் பரப்பி முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். தூணில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து அடையாளம் இறங்கியிருக்கக் கூடாது. அதே எடையோடு, கட்டடத்தின் சக்கர நாற்காலிச் சரிவில் குறுக்கே அல்லாமல் நெடுக நிறுத்தி பிரேக் போடுங்கள். இங்குள்ள விதிப்படி அந்தச் சரிவு 1:12-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, எனவே நல்ல சோதனைக்களம். ஒருவர் கீழ்ப்பக்கம் எச்சரிக்கையாக நிற்கட்டும். ஒரு விரல்கூட நகரக் கூடாது. பிறகு தரையில் மாப் போட்ட ஈரத்தில் அதே பிரேக்கைப் பாருங்கள். உங்கள் தாதியரில் மிகக் குள்ளமானவரைத் தலைமாட்டில் நிறுத்தி, ஒரு கை மெத்தையில் இருக்க, காலால் தலைமாட்டைத் தாழ்த்தச் சொல்லுங்கள். அவருக்கு முடிந்தால் எல்லோருக்கும் முடியும். எட்டையும் சோதியுங்கள், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவற்றை நம்பாதீர்கள்.

தாள் வேலையில் மூன்று. சுகாதார அறிவியல் ஆணையத்தின் வகைப்பாட்டில் மின்சாரமில்லாத சாதாரண டிராலி மிகக் குறைந்த அபாயமுள்ள ஏ வகையில் வரும். அதற்காக யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றில்லை. இறக்குமதி செய்பவரிடம் மருத்துவக் கருவி வணிக உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, காஸ்டர், கேஸ் ஸ்பிரிங், மெத்தை உறை மூன்றின் உதிரி விலையையும் இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வண்டி விலையில் தள்ளுபடி கொடுப்பவர் உதிரியில் அதை எடுத்துவிடுவார். மூன்றாவது, பழுதுபார்க்க ஒரு வண்டி போனால் எத்தனை நாளில் திரும்பும், அதுவரை மாற்று வண்டி தருவாரா என்பது. அவர் மாற்று வண்டி தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டால் எட்டாவதை வாங்காமல் ஏழோடு நிறுத்திக்கொள்ளலாம்.